டீவியில ஓடல தங்கச்சி

என் தொழிலில் யாரும் வணக்கம் சொல்லிக்கொண்டு கடைக்குள் வருவதில்லை. "டீவியில ஓடல தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள்.

கொட்டகலை பஜாரில் பேக்கரிக்கு அடுத்த கதவு என் கடை. போட்டோக்கொப்பி, லெமினேட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் உண்டு. ஆனாலும் பதினொரு வருஷமாக என்னைத் தேடி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு பென்ட்ரைவைக் கைக்குள் பொத்திக்கொண்டு வருகிறவர்கள்தான். போனில் ஓடுகிற வீடியோ டீவியில் ஓடாது. ஓடினால் சத்தம் வராது. சத்தம் வந்தால் ஆட்கள் சப்பையாகத் தெரிவார்கள். இந்தத் துன்பம் உங்களுக்கும் தெரிந்ததுதான். வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பிளேன்டீயும் ஊற்றிக் கொடுத்து, ரிமோட்டை அமுக்கியதும் திரை நடுவில் "அன்சப்போர்ட்டட்" என்று ஒரு வரி வரும் பாருங்கள். அந்த நிமிஷத்தில் யாரும் டீவியைப் பார்க்க மாட்டார்கள். உங்களைத்தான் பார்ப்பார்கள்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். பெயர் லதா. ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு ஹட்டனில் ஒரு கொம்பியூட்டர் கோர்ஸ் செய்தேன். இந்த வேலையை அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. வருகிறவர்களின் டீவிகளிடம்தான் படித்தேன். இப்போது ஒரு வீடியோவைப் பார்த்தாலே அது எந்த மாதிரி டீவியில், எந்த இடத்தில் மக்கர் பண்ணும் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

ஊமை டீவி

முனியாண்டி அண்ணன் தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்கிறவர். அவருடைய மனைவியின் தம்பி கொழும்பில் ஒரு ஹோட்டலில் இருக்கிறார். தீபாவளிக்கு அக்கா வீட்டுக்கு ஒரு புது டீவி வாங்கி, ரயிலில் நின்றுகொண்டே வந்து, யாரும் இடிக்காமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அவர் திரும்பிப் போன பிறகு அண்ணன் பென்ட்ரைவில் ஒரு படம் போட்டிருக்கிறார். கதாநாயகன் வாயை அசைக்கிறான், சத்தமில்லை. சண்டை நடக்கிறது, சத்தமில்லை. உடனே போனை எடுத்து மச்சானைப் பிடித்துக் கத்தியிருக்கிறார். ஊமை டீவியை வாங்கி எங்கள் தலையில் கட்டிவிட்டாயா என்று தொடங்கி, இங்கே எழுத முடியாத இடம் வரைக்கும் போயிருக்கிறார். நாலு நாளாக மச்சானிடமிருந்து போன் இல்லை. வீட்டில் அண்ணியும் பேசுவதில்லை.

"சேனல் போட்டா சத்தம் வருதா அண்ணே?" என்று கேட்டேன்.

"அதுல வருது."

"அப்ப டீவி நல்லாத்தான் இருக்கு."

படமும் சத்தமும் ஒரே கோப்புக்குள் இரண்டு தனிப் பொட்டலங்களாக இருக்கும் என்று விளக்கினேன். அவர் கொண்டுவந்த படத்தில் சத்தத்தைக் கட்டியிருந்த விதம் பெரிய தியேட்டர் செட்டுகளுக்கானது. அவருடைய டீவிக்கு அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியாது. படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் சாதாரண வகைக்கு மாற்றினேன். அவர் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. கடை டீவியில் போட்டுக் காட்டினேன். சண்டைச் சத்தம் பேக்கரி வரைக்கும் கேட்டது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அவர் முகம் சுருங்கிப்போனது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாண்ணே. டீவில ஒரு குத்தமும் இல்ல."

பென்ட்ரைவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, நான் மச்சான்கிட்ட பேசினத கன்வேர்ட் பண்ண முடியுங்களா?"

கறுப்புப் பட்டை

பஜாரில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் தியாகு அண்ணனும் அவர் மனைவி பரமேஸ்வரி அக்காவும் தங்கள் கல்யாண டிவிடியைக் கொண்டுவந்தார்கள். பிளேயர் பழுதாகிவிட்டது, பென்ட்ரைவில் போட்டுத் தரச் சொன்னார்கள். பழைய காலத்து வீடியோ சதுரத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கும். இப்போதைய டீவி அகலம். அந்தச் சதுரத்தை அகலத்துக்கு இழுத்தால் கூரைப்புடவை கட்டின பெண்ணும் அகலமாவாள், மாப்பிள்ளையும் அகலமாவார், குத்துவிளக்குகூட அகலமாகும். நான் அளவைச் சரியாக வைத்து, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் தியாகு அண்ணன் மரக்கறித் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார். "என்ன லதா இது? ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கு. பெரிய டீவி எதுக்கு வாங்கினோம்? பழைய பிளேயர்ல டீவி முழுக்க வந்துச்சு. நல்லா இழுத்துக் குடு." நான் என்ன சொல்லியும் கேட்பதாக இல்லை. இப்படிக் கேட்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. நிறைய இடத்தில் நான் விட்டுக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கும் மவுஸைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிவந்த பரமேஸ்வரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாத தங்கச்சி. கல்யாணத்தன்னைக்கே நீ குண்டுதான்னு ஏழு வருஷமா இந்த மனுசன் அந்த டீவியக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. கறுப்பு இருக்கட்டும்."

தேவதூதனின் கால்

இது நான் தலைகுனிந்த கதை. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஜெரோம் டிக்கோயாப் பக்கம் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். கிறிஸ்மஸுக்குக் கோயிலில் நடந்த நத்தார் நாடகத்தில் அவருடைய மகள் தேவதூதன். அவர் மனைவி போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருந்தார். நிமிர்த்தி எடுத்த வீடியோ டீவியில் நடுவில் ஒரு ஒல்லிப் பட்டையாகத்தான் தெரியும். நத்தார் வாரம், கடையில் கூட்டம். பரமேஸ்வரி அக்கா மாதிரி எல்லாரும் கறுப்பை ஏற்றுக்கொள்ள மாட்டார்களே என்று நினைத்து, அந்தப் படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துப் பெரிசாக்கி, மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டேன். "டீவி முழுக்க வரும், பாருங்க" என்று பெருமையாக வேறு சொல்லி அனுப்பினேன். வீடியோவை முழுதாகப் பார்க்கவில்லை. ஆட்டிடையர்கள் வந்தார்கள், மாட்டுத் தொழுவம் தெரிந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். தேவதூதன், உட்காருகிற வாங்குகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அதன் உச்சியில் நின்றது எனக்குத் தெரியாது.

மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கும்போதே ஜெரோம் வாசலில் நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நேத்து அக்கா குடும்பம், மச்சான் குடும்பம் எல்லாரையும் கூப்பிட்டிருந்தோம் மிஸ். காலு நல்லா தெரிஞ்சிச்சு" என்றார். போனைக் கொடுங்கள், திரும்பச் செய்து தருகிறேன் என்றேன். போனில் இடமில்லை, பென்ட்ரைவில்தான் வந்துவிட்டதே என்று அழித்துவிட்டார்களாம். வாரக் கடைசியில் நான் கொம்பியூட்டரில் இருக்கிற பழைய கோப்புகளை எல்லாம் சுத்தம் செய்கிறவள். அன்றைக்கு வாரக் கடைசி. கொம்பியூட்டர் எழும்பி வருகிற வரைக்கும் நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இருந்தது. அழிக்காமல் இருந்தது. இந்த முறை ஒரு துளியும் வெட்டாமல் நிமிர்ந்த படத்தை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் அதே படத்தை மங்கலாக விட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை அவரோடு நின்று பார்த்தேன். வெள்ளை உடுப்பும் அட்டைச் சிறகுமாக அந்தப் பிள்ளை உச்சியில் ஆடாமல் அசையாமல் நின்று, தன்னுடைய ஒரே ஒரு வசனத்தைத் தடுமாறாமல் சொன்னது. அன்றிலிருந்து கேட்காமல் எதையும் வெட்டுவதில்லை. ஆள் வீட்டில் போட்டுப் பார்த்துச் சொல்லாமல் எதையும் அழிப்பதும் இல்லை. ஜெரோம் பென்ட்ரைவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும்போது சொன்னார்:

"நேத்து வெறும் காலப் பாத்ததுக்கே எங்கக்கா அழுதுட்டாங்க மிஸ். இன்னைக்கு மொகத்தப் பாத்தா என்ன பண்ணப் போறாங்களோ!"

பெட்டி பெட்டியாக

பக்கத்துப் பேக்கரியின் சுமனா அக்கா சிங்களவர். தங்கச்சி என்பதற்கு 'நங்கி' என்றுதான் என்னைக் கூப்பிடுவார். தமிழ்ப் படம் என்றால் உயிர். கீழே சிங்கள எழுத்து ஓடுகிற படமாகப் பார்த்து யாரிடமாவது வாங்கி வைத்திருப்பார். ஆனால் அவருடைய டீவிக்குச் சிங்கள எழுத்துத் தெரியாது. எழுத்து வரவேண்டிய இடத்தில் சின்னச் சின்னப் பெட்டிகளாக வரும். எழுத்து தனிக் கோப்பாக இருந்தால்தான் இந்தத் தொல்லை. நான் அந்த எழுத்துகளைப் படத்தின் மேலேயே பதித்துவிட்டேன். இனி எந்த டீவியாலும் அதைப் பிரிக்க முடியாது.

மறுநாள் மீன் வைத்த மாலு பாண் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"நங்கி, இப்ப எதுக்கு அழுறதுன்னு தெரியுது. முந்தி சும்மாதான் அழுதது."

ஆறு மணி நேரம்

நல்லதண்ணியில் யாத்திரைக்காரர்கள் மலை ஏறுகிற சீசன் தொடங்கினால் கடைகள் வரிசையாக முளைக்கும். ராமையா மாமா அங்கே குளிர்த் தொப்பி, மப்ளர், கையுறை விற்கிறவர். பக்கத்துக் கடைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், நான் நவீனமாகச் செய்யப்போகிறேன் என்று ஒரு சின்ன டீவியை வாங்கிக் கடை முன்னால் மாட்டினார். அவரே தொப்பி போட்டு, மப்ளர் சுற்றி, "வாங்கம்மா, வாங்கய்யா, மேல குளிரு கடிக்கும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் கூவுகிற மாதிரி இரண்டு நிமிஷ வீடியோ. ஆனால் அந்த டீவி இரண்டு நிமிஷம் ஓட்டிவிட்டு நின்றுவிடும். மறுபடி மறுபடி ஓட்டுகிற வசதி அதில் இல்லை. வியாபாரத்தைப் பார்ப்பதா, ரிமோட்டை அமுக்குவதா என்று மாமா தவித்துப்போனார்.

நான் அந்த இரண்டு நிமிஷத்தை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து ஆறு மணி நேர வீடியோவாக்கினேன். அவ்வளவு பெரிய கோப்பு பென்ட்ரைவில் ஏறாது என்பதால் படத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தேன். அந்தச் சின்ன டீவியில் வித்தியாசம் தெரியாது. ஒரு தடவை அமுக்கினால் போதும். சீசன் முழுக்க அப்படியே ஓடியது. வியாபாரமும் நன்றாக நடந்ததாம். சீசன் முடிந்து கடையைப் பிரித்துவிட்டு ஊருக்குப் போகிற வழியில் என்னைப் பார்க்க வந்தார். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"இத்தன மாசமா என் சத்தத்தையே நான் கேட்டுக்கிட்டு இருந்தேம்மா. என் பொண்டாட்டி ஏன் பதில் பேசாம உள்ள போயிடுறான்னு இப்பத்தான் வெளங்குது."

மூன்று நாள், ஒரு கம்பு

செல்வராணி அக்கா எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிஷனில் கொழுந்து எடுக்கிறவர். ஒரு வியாழக்கிழமை காலை, விடாத மழை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றார். "டீவியில ஓடல தங்கச்சி." வழக்கமாகக் கேட்கிற பேச்சுத்தான். குரல்தான் வழக்கமானதாக இல்லை.

அவர்கள் லயத்துக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை, உள்ள லயம். திங்கட்கிழமையிலிருந்து அக்கா அதைப் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தார். முந்தின நாள், புதன்கிழமைதான், லயத்து ஆட்கள் சேர்ந்து மண்சரிவு சம்பந்தமான ஆபீஸுக்குப் போயிருக்கிறார்கள். அந்த வாரம் எல்லாப் பக்கமிருந்தும் முறைப்பாடு. எந்த இடத்துக்கு முதலில் போவது என்று அங்கே கூடிப் பேசித்தான் முடிவெடுக்கிறார்களாம். கூட்ட அறையில் இருந்த பெரிய டீவியில் இவர்களுடைய பென்ட்ரைவைப் போட்டிருக்கிறார்கள். டீவி கறுப்பாகவே இருந்திருக்கிறது. போனில் காட்டினால் கண்ணாடி உடைந்த சின்னத் திரை, நாலு பேர் எட்டிப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. நாளைக்கு இரண்டு மணிக்கு ஓடுகிற மாதிரி கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

காரணம் சாதாரணமானது. புதுப் போன்கள் வீடியோவைப் புது விதமாகச் சுருக்கிவைக்கும். பழைய டீவிகளுக்கு அது புரியாது. மாற்றுவது எனக்கு விளையாட்டு வேலை. ஆனால் ஜெரோமின் மகளுக்குப் பிறகு நான் எதையும் முழுதாகப் பார்க்காமல் கொடுப்பதில்லை. பார்த்தேன். மூன்று வீடியோ, ஒவ்வொன்றும் அரை நிமிஷம், மூன்றும் நிமிர்த்தி எடுத்தவை. மண், மழை, ஒரு கோடு மாதிரி வெடிப்பு, அதற்குக் குறுக்கே ஒரு மட்டக்கம்பு. கொழுந்து எடுக்கும்போது செடியின் மேல் வைத்து மட்டம் பார்க்கிற நீளக் கம்பு. ஒன்றன் பின் ஒன்றாகப் பார்க்கும்போது மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரிந்தன. திரும்ப ஓட்டிப் பார்த்தபோதுதான் கம்பின் முனைகள் கண்ணில் பட்டன.

"அக்கா, மூணு நாளும் ஒரே எடத்துல நின்னா எடுத்தீங்க?"

"ஆமா. துணி தொவைக்கிற கல்லு மேல. வேற எங்க நின்னாலும் வழுக்குது."

"கம்ப எதுக்கு வச்சீங்க?"

"எவ்வளவு அகலம்னு தெரியட்டுமேன்னு வச்சேன்."

நிமிர்த்தி எடுத்த ஒரு வீடியோ டீவியில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நிரப்பும். மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் டீவி கச்சிதமாக நிரம்பும். அப்படியே வைத்தேன். மேலே திங்கள், செவ்வாய், புதன் என்று மட்டும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன். இப்போது யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. திங்கட்கிழமை கம்பின் இரண்டு முனையும் நல்ல மண்ணில் படுத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை வெடிப்பு கம்பின் பாதி நீளத்துக்கு வாயைத் திறந்திருக்கிறது. புதன்கிழமை கம்பின் மறுமுனையில் நுனி மட்டும்தான் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

எந்தப் பழைய டீவிக்கும் புரிகிற வகையில் மாற்றி இரண்டு பென்ட்ரைவில் போட்டேன். வீடியோ ஓடாத டீவியில்கூடப் படம் தெரியும் என்று அதே காட்சியைப் போட்டோவாகவும் போட்டேன். "இது ஓடும் அக்கா" என்றேன். அவர் பென்ட்ரைவை வாங்கவில்லை. "நீயும் வந்துரு தங்கச்சி. திரும்பவும் ஓடலன்னா எனக்கு அங்க பேச வராது" என்றார். ஷட்டரை இழுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

கூட்ட அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு இளம் அதிகாரி பென்ட்ரைவைச் செருகினார். எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்த காரியம்தான்; ஆனாலும் அந்த இரண்டு மூன்று நொடி நான் மூச்சு விடவில்லை. ஓடியது. அரை நிமிஷம் முடிந்ததும் பெரிய அதிகாரி திரும்பப் போடச் சொன்னார். பிறகு எழுந்து டீவிக்குக் கிட்டே போய், மூன்றாவது படத்தில் கம்பின் நுனியில் விரலை வைத்தார். கம்பு எவ்வளவு நீளம் என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"இன்னைக்கு எடுத்த வீடியோ எங்க?" என்று இளம் அதிகாரி தமிழில் கேட்டார்.

"இன்னைக்கு எடுக்கல சேர். கம்பு உள்ள விழுந்துருச்சு."

நாலு மணிக்கு முன்னால் ஆபீஸ் வாகனம் தோட்டத்தில் நின்றது. அன்று மாலையே பன்னிரண்டு காம்பராவையும் காலி பண்ண வைத்து எல்லாரையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடு மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றவர்களையும் ஆடு மாட்டோடு அனுப்பினார்கள். சனிக்கிழமை காலையில் மலை இறங்கியது. கடைசி மூன்று காம்பரா இருந்த இடம் தெரியவில்லை. மற்றதெல்லாம் பின்சுவர் இல்லாமல் நின்றன. செய்தி பஜாருக்கு வந்தபோது நான் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கை ஓடவில்லை. யாராவது சாமான் எடுக்கத் திரும்பிப் போயிருந்தால்? அக்காவின் போனுக்கு அடித்து அடித்துப் பார்த்தேன், எடுபடவில்லை. மத்தியானம் அவரே கடை வாசலில் வந்து நின்றார், கால் முழங்கால் வரைக்கும் சேறு. அவர்களுக்குப் புது வீடு இன்னும் கிடைக்கவில்லை. இன்னமும் தற்காலிகக் கொட்டகையில்தான் இருக்கிறார்கள், பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்வார். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது வேறு.

"காலையில வேலைக்குப் பெரட்டுக் களத்துல கூப்பிடுற மாதிரி பள்ளிக்கூடத்துல எல்லாரையும் நிக்க வச்சுப் பேரு கூப்பிட்டாங்க தங்கச்சி. கூப்பிட்ட பேருக்கெல்லாம் ஆள் இருந்துச்சு."

ரன் அவுட்

கணேசனும் ஸ்டீபனும் இன்றைக்கு ஒரே ஸ்டாண்டில் த்ரீவீல் ஓட்டுகிறவர்கள், நெருங்கிய கூட்டாளிகள். ஒரு காலத்தில் மேல் டிவிஷன் அணிக்கும் கீழ் டிவிஷன் அணிக்கும் நடந்த கிரிக்கெட் இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே ஆடியவர்கள். கடைசிப் பந்தில் கணேசன் ஓடினார், ஸ்டீபன் எறிந்தார், நடுவர் அவுட் கொடுத்தார். ஓடியவர் கோட்டைத் தாண்டிவிட்டேன் என்கிறார், எறிந்தவர் தாண்டவில்லை என்கிறார். இரண்டு பேருக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, வாக்குவாதம் மட்டும் நரைக்கவில்லை. அப்படியிருக்க ஒருநாள், யாரோ பழைய பட்டன் போனில் அந்த ஓட்டத்தை எடுத்திருந்த மெமரி சிப் கிடைத்துவிட்டது என்று இரண்டு பேரும் ஆட்டோவை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். "ஃபோர் கே குவாலிட்டி ஆக்கிப் பெரிய டீவில போடுங்க தங்கச்சி. கோடு தெளிவாத் தெரிஞ்சிரும். இன்னையோட பிரச்சின முடியும்."

பதின்மூன்று நொடி வீடியோ. தபால் முத்திரை அளவு. அதைப் பெரிய டீவிக்கு இழுத்தால் ஆள் நாலு கட்டம், மட்டை ஒரு கட்டம், பந்து இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகம். போனில் பதியாததை நான் கொம்பியூட்டரில் உண்டாக்க முடியாது என்று சொன்னேன். கேட்கவில்லை. சரி என்று என்னால் முடிந்த அளவு சுத்தமாக்கி, மெதுவாக ஓடுகிற மாதிரி செய்து, கடை டீவியில் போட்டேன். பேக்கரியிலிருந்தும் மரக்கறிக் கடையிலிருந்தும் ஆட்கள் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். திரையில் ஒரு பழுப்புப் புள்ளி ஒரு வெள்ளைப் புள்ளியை நோக்கி நகர்ந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டன. முடிந்தது. நான் பார்த்த வரைக்கும் அதில் கோடும் இல்லை, விக்கெட்டும் இல்லை.

கணேசனும் ஸ்டீபனும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்து, ஒரே குரலில், ஒருவரையொருவர் சுட்டிக்காட்டிச் சொன்னார்கள்:

"பாத்தீங்களா தங்கச்சி, நான் அப்பவே சொன்னேன்ல!"

பதினொரு வருஷத்துக்குப் பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: எந்த வீடியோவையும் எந்த டீவியிலும் ஓட வைத்துக் கொடுப்பேன், ஓடுகிறதில் அவரவர் எதைப் பார்க்கிறார் என்பதற்கு மட்டும் கடை பொறுப்பல்ல.